கிரேன் ராஜாவும் பேதி மாத்திரையும்

கிரேன் ராஜாவுக்கு,

சோறும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். கீரையை ஒதுக்காமல் தின்னு. பேதி மாத்திரை அட்டையைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

நேற்றுக் காலையில் ரெண்டை முழுங்கிவிட்டு கிரேனில் ஏறினாய். மத்தியானம் வயிறு கலக்கியதும், கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்க, ஏணியில் பறந்து இறங்கினாய். சைட்டே சிரித்தது. கட்டுக்குக் கீழே மண் சுமந்துகொண்டிருந்த நான் சிரிக்கவில்லை.

“நீ பெண்டாட்டியா, டாக்டரா?” என்று ராத்திரி குதித்தாய். மருந்துக்கடை அக்காவைக் கேட்டுத்தான் சொன்னேன்: படுக்கும்போது ஒன்று, தண்ணீரோடு. பாலோடு வேண்டாம். விடிந்துதான் வேலை செய்யும், அவசரப்பட்டு இன்னொன்று போடாதே. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரைப் பார்.

ஒன்றுக்குப் போக இறங்கி ஏற அலுத்துக்கொண்டு நாளெல்லாம் தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தால், குடலில் கல்லாகாமல் பூவா பூக்கும்? தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போ.

வயிறு இன்னும் கலக்கினால் இன்றைக்கு ஏறாதே. கூலி போனால் போய்த் தொலையட்டும்.

பி.கு.: மேஸ்திரி என்னை வேறு பக்கம் வேலைக்குப் போகச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன். கீழே நிற்பது நான் என்றால்தான் நீ ஒழுங்காகத் தூக்குவாய்.