விதைக்கு விட்ட புடலங்காய்

மங்காஃப், குவைத்
17.4.1987

அன்புள்ள பத்மா அக்காவுக்கு,

ஜலஜா எழுதுவது. தங்கை கல்யாணம் முடிந்த கையோடு வந்துவிடுகிறேன் என்று செந்தூரனையும் கூட்டிக்கொண்டு பிப்ரவரியில் கிளம்பினீர்கள். ஏப்ரலும் பாதி போயாச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பாதையை மூடியிருக்கிறார்களாம், உங்கள் வீட்டுக்காரர் சிவா அண்ணன் சொன்னார். எப்போது திறப்பார்கள்? பக்கத்து வீட்டில் நீங்கள் இல்லாமல் எனக்குச் சண்டை போட ஆள் இல்லை.

உங்கள் புடலங்கொடியைப் பற்றி ஒரு புகார். உங்கள் பக்கம் முளைத்து, உங்கள் பக்கம் தண்ணீர் குடித்துவிட்டு, கம்பி வேலியைத் தாண்டி என் பக்கம் வந்து பூக்கிறது. என் துணி காயப்போடும் கயிற்றைக் கூட விடவில்லை. நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறதல்லவா? எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்த வீட்டுக்கு. பிறகு வந்து பங்கு கேட்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்ததும் ஷூவைக் கூடக் கழற்றாமல் கொடிக்குத் தண்ணீர் விடுகிறார். காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டுகிறார். தனக்கு மட்டும் பாண் ரொட்டியும் டின் மீனும். தனியாக இருக்கிற ஆண்பிள்ளை வீட்டுக்குள் போய் நான் சமைத்து வைக்க முடியுமா? எங்கள் வீட்டுக்காரர் சேதுவிடம் கொடுத்து வேலிக்கு மேலாகச் சாம்பார் அனுப்புகிறேன். காரம் தின்று பழகிய உங்கள் ஊர் நாக்குக்கு அது பாயசம் மாதிரிதான் இருக்கும்!

செந்தூரனின் ஷட்டில் மட்டை எங்கள் பக்கம் விழுந்து கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் சண்டைக்காரி,
ஜலஜா


கரவெட்டி
14.6.1987

அன்புத் தங்கச்சி ஜலஜாவுக்கு,

கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் சிவா அண்ணனுக்கு எழுதியது தனி உறையில் வரும். அதில் நாங்கள் நல்ல சுகம் என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

செந்தூரனை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. கோயிலுக்குள் போய் இருங்கள், அங்கே குண்டு விழாது என்றார்கள். நம்பிப் போனோம். பிறகு வந்து பெடியன்களை மட்டும் வெளியே வரச் சொன்னார்கள். "நான் குவைத்திலயிருந்து வந்தனான் எண்டு சொல்லுறன் அம்மா, விட்டிடுவாங்கள்" என்று சொல்லி, குவைத் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனான். பருத்தித்துறையில் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை. சாப்பிட்டானோ தெரியாது.

தங்கச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிந்தால் அடுத்த பிளேனில் ஏறிவிடுவார். வருகிற வழியெல்லாம் ஆம்பிளைகளை இறக்கிப் பார்க்கிறார்கள். ஒருத்தனைக் கொடுத்துவிட்டேன். இவரையும் கொடுக்க என்னால் ஏலாது.

உங்கள் அக்கா,
பத்மாசனி


மங்காஃப்
10.7.1987

அன்புள்ள அக்கா,

அடுப்படியில் நின்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பால் பொங்கி வழிந்ததே தெரியவில்லை. சேதுவிடம் மட்டும் சொன்னேன். அவர் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவர் உங்கள் இன்னொரு கடிதத்தோடு வேலி ஓரத்துக்கு வந்துவிட்டார். "தங்கச்சி, பத்மா எழுதியிருக்கிறா. செந்தூரன் நல்லாப் படிக்கிறானாம். என்னை விட உயரமா வளந்திட்டானாம்" என்று உரக்கப் படித்துக் காட்டினார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ! உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. சாக்கை நனைத்து வேலியில் போட்டுக் கொடியைக் காப்பாற்றுகிறார். என் பக்கம் தொங்கும் காய் ஒன்றுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். "இதை மட்டும் பறிச்சுப்போடாதேங்கோ தங்கச்சி. விதைக்கு விட்டிருக்கு. செந்தூரன் வந்து நடட்டும்" என்றார். தினமும் துணி காயப்போடும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் எத்தனை நாள் அக்கா என் வாயைப் பொத்திக்கொள்வது?

ஜலஜா


கரவெட்டி
25.8.1987

அன்புத் தங்கச்சி,

சமாதானம் வந்துவிட்டது. உங்கள் இந்தியா ஆமி வந்திருக்கிறது. சனம் மாலை போட்டது. பிடித்துக்கொண்டு போன பெடியன்களையும் விடுகிறார்கள். பஸ் வருகிறது என்று கேள்விப்பட்டால் நெல்லியடிச் சந்திக்கு ஓடுகிறேன். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அடுத்த வீட்டு வளவுப் பெடியன் வந்துவிட்டான். கப்பலில் செந்தூரன் தனக்குப் பக்கத்தில் இருந்தானாம். இறங்கும்போது காணவில்லையாம். அதற்கு மேல் கேட்டால் அழுகிறான். அந்தத் தாய் என்னைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுகிறாள். அவளில் பிழை இல்லை.

இவருடைய கடிதம் வந்தது. "கொடி நல்லா வந்திருக்கு. செந்தூரனைக் குழப்படி விடாமல் படிக்கச் சொல்லு" என்று எழுதியிருக்கிறார். அதை வாசிக்கும்போது மட்டும் என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் தங்கச்சி. அதனால் இப்போதும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு அந்தக் கடிதங்கள் வேணும்.

பத்மா


மங்காஃப்
20.9.1987

அன்புள்ள அக்கா,

உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன்.

விதைக்கு விட்ட காய் சிவந்து பழுத்து, போன திங்கட்கிழமை வெடித்துவிட்டது. எறும்பு ஏறுமே என்று வேலியருகே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஹோஸ் பைப்போடு வந்தார். பார்த்தார்.

"விழட்டும் தங்கச்சி. இனி ஆர் நடுறது?" என்றார்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்களுக்கும் தெரியுமோ?" என்றார். தலையை ஆட்டினேன். பைப் தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.

ஜூன் கடைசியிலேயே தெரியுமாம் அக்கா. அஹ்மதியில் வேலை செய்யும் உங்கள் ஊர்க் கந்தையா சொல்லிவிட்டாராம். வேலி ஓரம் நின்று உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தாரே, எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கலங்கக் கூடாது என்றுதான் படித்தாராம். சிவப்புத் துணி கட்டியதும் அதற்குத்தான். செந்தூரனைப் படிக்கச் சொல்லி எழுதியது உங்களுக்காக. "எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டுதான் அவள் நிண்டு பிடிக்கிறாள். அவளுக்கு எழுதிப்போடாதேங்கோ" என்று கேட்டார். சரி என்றேன்.

நீங்கள் ஒரு பக்கம் சொல்லாதே என்கிறீர்கள், அவர் ஒரு பக்கம் சொல்லாதே என்கிறார். நடுவில் நான் என்னத்துக்கு? எழுதிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். உங்கள் கையிலிருந்து அந்தக் கடிதங்களைப் பிடுங்குகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் நீங்கள் இருவரும் தனித்தனியாக அழுதது போதும்.

அண்ணன் வேலையை விட்டுவிட்டார். அக்டோபர் ஒன்றாம் தேதி பிளேன். சமாதானம்தானே, பயமில்லை, பிள்ளையைத் தேட வேண்டும் என்கிறார். சேது கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார். நிறுத்த முடியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உதிர்ந்த விதைகளை நானே பொறுக்கிக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன். யாராவது நடத்தானே வேண்டும்.

ஜலஜா


மங்காஃப்
24.11.1987

அன்புள்ள பத்மா அக்காவுக்கும் சிவா அண்ணனுக்கும்,

இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். சேர்ந்து இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் இறங்கிவிட்டேன் என்று அண்ணன் தந்தி அடித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பத்தே நாளில் அங்கே மறுபடியும் சண்டை. இந்த முறை எங்கள் ராணுவம். ரேடியோவில் முன்னேறுகிறோம், முன்னேறுகிறோம் என்கிறார்கள். எதன் மேல் முன்னேறுகிறார்கள் என்று சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தபால் போவது நிச்சயமில்லை என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டுவிட்டு வரப்போகிறேன். வேறு என்ன செய்ய?

உங்கள் வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. செந்தூரனின் மட்டையைத் துடைத்து உள்ளே வைத்திருக்கிறேன்.

விதையை என் பக்கம் போட்டேன். நான்தான் தண்ணீர் விடுகிறேன். ஆனால் கொடிக்கு என் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. நேராக வேலியைத் தாண்டி உங்கள் வாசல் பக்கம் போய்விட்டது. அங்கே முதல் பிஞ்சு நேற்று விட்டிருக்கிறது. கல் கட்டக் கூட எனக்குக் கை எட்டவில்லை.

ஒப்பந்தப்படி அது உங்களுடையது. நான் தொட மாட்டேன். மூன்று பேரில் யாராவது ஒருவர் வந்து பறித்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம்,
ஜலஜா