வெள்ளிக்கிழமைக்குள் விற்க வேண்டிய ரைஃபிள்

ஜூன் 8, சனி

இல்லை, விற்க முடியாது என்று யாரும் சொல்லவில்லை. வாங்க ஆளில்லை என்றுதான் சொன்னார்கள். இரண்டும் வேறு. இன்று முழுக்க அந்த வித்தியாசத்துக்குள்தான் இருந்தேன்.

வெயில். காலை ஒன்பதுக்கே தார் ரோடு மினுங்கல். காற்று இன்னும் தொடங்கவில்லை.

நேற்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். தேர்தல் முடிந்துவிட்டது, ஒப்படைத்த துப்பாக்கியை லைசென்ஸ்காரர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வெள்ளி நல்ல நாள், அன்றைக்குப் போகலாம் என்று அப்பா காலண்டரைப் பார்த்துச் சொல்லியாயிற்று. ஆறு நாள்.

குழம்பாமல் இருக்க எழுதிவைக்கிறேன்.

மார்ச் முதல் வாரம். அம்மா தோட்டத்திலிருந்து வந்தபோது அப்பா கட்டிலில், மடியில் ரைஃபிள். துடைத்துக்கொண்டிருந்தேன் என்றாராம். துணி இல்லை. எண்ணெய் இல்லை.

அடுத்த வாரம் சேலத்தில் டாக்டர். மனச்சோர்வு. மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் அது இருக்கவே கூடாது என்றார்.

அதற்குள் தேர்தல் அறிவிப்பு. லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அப்பாவே போர்வையில் சுற்றி வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று மாதம் நானும் அம்மாவும் தூங்கினோம். தேர்தல் இன்னும் பத்துக் கட்டமாக நடந்திருக்கலாம் என்று நினைத்த ஒரே வீடு எங்களுடையதாக இருக்கும்.

இன்று சேலம் செவ்வாய்ப்பேட்டை. துப்பாக்கிக் கடை, மளிகை மொத்தக் கடைகளைத் தாண்டி மாடியில். நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்கு விடுமுறை முடிய இன்னும் ஒரு வாரம். கேட்டால் புத்தகம் வாங்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் அறுபது வயது, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. இங்கிலாந்து வேலை. இரட்டைக் குழல், ஆனால் ரவை போட்டுச் சுடுகிற சாதாரண ரெட்டைக்குழல் அல்ல. ஒவ்வொரு குழலிலும் ஒற்றைக் குண்டு, இரண்டும் ஒரே புள்ளியில் போய் விழும்படி மாதக்கணக்கில் தட்டித் தட்டிச் சேர்த்திருப்பார்கள். இந்த மாதிரி வெளிநாட்டில் ஏலத்துக்கு வந்தால் விலை ஏறிக்கொண்டே போகும் என்றார். பிறகு இன்னும் பெரிதாக்கினார். நின்றுவிட்டார்.

"இது என்னங்க, மூணு புள்ளி?"

சந்தனப் பொட்டு. ஆயுத பூஜை அன்று எடுத்த படம். அது சந்தனம் என்றேன். சந்தனத்துக்கு அடியில் இருப்பதைக் கேட்கிறேன் என்றார். வருஷா வருஷம் ஒரே இடத்தில் ஈரச் சந்தனம், குங்குமம், மேலே எலுமிச்சம்பழம். இரும்பில் குழி விழுந்திருக்கிறது. பூவேலைப்பாடு வேறு ஏன் இப்படி மழுங்கியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"வெளக்குத் தேய்க்கற மாதிரி புளி போட்டா தேச்சீங்க?"

பன்னிரண்டு வருஷமாக. அம்மா குத்துவிளக்கு, தாம்பாளம், ரைஃபிள், இந்த வரிசையில் தேய்ப்பாள். அப்பாதான் பளபளப்பாக இருக்க வேண்டும் என்பார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அதற்காக அவரைப் பிடித்தது. பழையது பழையதாக இருந்தால்தான் இதற்கு விலை, நீங்கள் புதுசாக்கிவிட்டீர்கள் என்றார். தோட்டா கிடைப்பதில்லை. இந்த அளவுக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நாலு மாவட்டத்தில் நாலு பேர், நாலு பேரும் விற்கத்தான் பார்க்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பவும் வழியில்லை.

அதாவது அதற்கு மதிப்பு இருக்கிறது. இந்த ஊரில் இல்லை. எனக்குத் தெரிந்த சிலரைப் போல.

ஒன்றேகால் லட்சம். அதுவும் ஆள் கிடைத்த பிறகு. ஆனால் ஒரு வழி சொன்னார்: அப்பா கையெழுத்துப் போட்டால் ஸ்டேஷனிலிருந்து நேரே கடைக்கு வந்துவிடும். விற்கிற வரை அவர் பெட்டகத்தில். வீட்டுக்கு வரவே வேண்டாம்.

ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் வேண்டும். அப்பா வாங்கியது நான்கு லட்சத்துக்கு.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் காற்று ஆரம்பம். முருங்கை ஒரு கிளை ஒடிந்தது. மாத்திரை போட்டார், பார்த்தேன்.

அப்பாவைப் பற்றி. திருச்செங்கோட்டுக்காரர்கள் எல்லோரையும் போல போர்வெல் போடும் ரிக் வண்டி. மத்தியப் பிரதேசம் வரை போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர். வண்டியைப் போன வருஷம் வந்த விலைக்குத் தள்ளினார். மில்லில் போட்ட பங்கு, பைபாஸ் வரும் என்று வாங்கிய மனை, எல்லாம் இறங்கியவை. ரைஃபிள் மட்டும் அவர் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் வீட்டில் வாங்கியது, மூன்றாம் கை. சுட்டது மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் வானத்தைப் பார்த்து.

மதியம் மெதுவாக ஆரம்பித்தேன். கடைக்குப் போனதைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசியது இன்றைக்குத்தான். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கணும், சுருள் கோடு கூராக இருக்கணும். மூடினால் கதவு சாத்துகிற மாதிரிச் சத்தம் வரணும், ஆடக் கூடாது. நம்பர் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்கணும். கை அசைத்துக் காட்டினார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வாங்குனதுல தப்பாப் போகாதது இது ஒண்ணுதான் அம்மிணி."

பிறகு, எவ்வளவுக்குக் கேட்கிறான் என்றார்.

ஒன்றேகால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏழு என்றேன்.

ஏன் ஏழு. தெரியவில்லை. நான்குக்கு மேல் ஏதாவது ஒரு எண் வேண்டியிருந்தது. அவர் வாங்கியது சரி என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. மீதியை என் சம்பளத்தில் கடன் எடுத்தாவது கொடுத்துவிடலாம் என்று அந்த ஒரு நொடியில் முழுத் திட்டமும் போட்டேன்.

இரவு நான்கு தோசை சாப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்னியைப் பார்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை, அவர் சிரித்தார் என்பதைத் தவிர.

இன்று கடைக்காரர் கொடுத்திருந்த ஒப்புதல் படிவத்தை அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். பேனாவும். படிவத்தைப் படித்தார். மடித்தார். தலையணைக்கு அடியில் வைத்தார்.

"அவனே ஏழுன்னு கேக்கறான்னா பத்துக்குப் போகும் சாமி. அவசரப்படக் கூடாது. ஊட்டுலயே இருக்கட்டும்."

நான் செய்த காரியம் இது. அதை விற்பதற்காகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யே இப்போது விற்கவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மனை, மில் பங்கு, ரிக் வரிசையில் இதுவும் சேரும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை.

எம்.ஏ. இரண்டு வருஷம் மனித இருப்பு பற்றிப் படித்தேன். பரீட்சையில் நல்ல மதிப்பெண்.

கொல்லையில் துணி துவைக்கும்போது அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சரு, லீவு முடியப்போகுதுன்னா அழுவறீங்க?" என்றாள். ஆமாங்க என்றேன்.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. ஸ்டேஷன் ரசீதைத் தேடுவது, கடைக்காரர் கேட்டார்.

ஜூன் 12, புதன்

ரசீது பீரோவில் கிடைத்தது. ரைஃபிள் ஒன்று, தோட்டா மூன்று. லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டா ஐந்து.

இரண்டு. வீட்டில் எங்கே என்று முதலில் பரணில் தேடினேன். பிறகு அவருடைய பெட்டி, சட்டைப் பைகள், மாட்டுக் கொட்டகை. பதினொரு மணிக்கு அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தாமல் சொன்னாள். மார்ச்சில் அன்றைக்கே எடுத்து எருக்குழியில் புதைத்துவிட்டாளாம். அப்பா முகம் கழுவப் போன நேரம் பார்த்து.

எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"உள்ளதான். மடக்கித் தொறந்து கெடந்துச்சு, ரெண்டு ஓட்டையிலயும் ரெண்டு. உன்கிட்ட என்னன்னு சொல்றது."

தண்டைக் கிள்ளி, இலையைத் தட்டில். தண்டைக் கிள்ளி, இலையைத் தட்டில். பெட்டியில் இன்னும் மூன்று இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு ஓட்டை, இரண்டு தோட்டா, முடிந்தது என்று நினைத்திருக்கிறாள்.

சாயங்காலம் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். ரசீதில் மூன்றுதான் இருக்கிறது என்றேன். இரண்டைக் காட்டுப்பன்றிக்குச் சுட்டுவிட்டதாகத் தான் ஸ்டேஷனில் சொன்னதாகவும், கணக்கு எழுதும் ரைட்டர் அதை எழுதவில்லை போல என்றும் சொன்னார். பிறகு அவராகவே:

"உங்கம்மா எடுத்தது எனக்குத் தெரியும். கேக்கல. எண்ணிப் பாத்தேன், மூணுதான் இருந்துச்சு."

"எப்பங்கப்பா எண்ணுனீங்க?"

"அன்னைக்கு ராத்திரி. மறுநாளு. அப்பறம் டாக்டருகிட்டப் போயிட்டு வந்தமே, அன்னைக்கும்."

சாதாரணமாகச் சொன்னார். கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. ஏழு லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

ஜூன் 13, வியாழன்

காலை ஆறு மணிக்கு கலெக்டருக்கு மனு எழுதினேன். மூன்றாவது தாளில் சரியாக வந்தது. "என் தந்தை மனநலச் சிகிச்சையில் இருப்பதால், அவருடைய துப்பாக்கியை அவரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டாம் என்றும், உரிமத்தை நிறுத்திவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." மாணவர்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித்தருகிறேன். பொருள், பார்வை, ஐயா. கீழே, இப்படிக்கு. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். மகள் என்று எழுத நேரம் பிடித்தது.

டாக்டர் சீட்டு நகல் இரண்டு. நாமக்கல் பஸ், உட்கார இடம் இல்லை. கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கினேன். அங்கிருந்த அம்மாள் படித்துவிட்டு நாற்காலி காட்டினார். உட்காரவில்லை.

மதியம் ஸ்டேஷன். ரைட்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். முத்திரை போட்ட நகலை இரண்டு தடவை படித்தார்.

"நாளைக்கு வாரேன்னு காத்தால போன் பண்ணுனாருங்களே. எண்ணெயும் துணியும் கொண்டாறேன்னாரு."

அவர் வந்தால் கொடுக்காதீர்கள் என்றேன். கொடுக்க முடியாது இனி, என்றார். விற்பதும் சுலபமில்லை, ஆர்டர் வரும் வரை இங்கேயே கிடக்கும் என்றார். கிடக்கட்டும். ஈரத்தில் துரு ஏறட்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல. தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நானே சொன்னேன். அம்மா சொல்வதற்கு முன், ரைட்டர் போன் செய்வதற்கு முன். மனுவைச் சொன்னேன். ஏழு பொய் என்றேன். ஒன்றேகால் என்றேன். சந்தனத்தையும் புளியையும் சொல்லவில்லை. அது அம்மா தலையில் விழும்.

என்னைப் பார்த்தார். கோபம் என்றால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கற."

அப்படி எழுதவில்லை என்றேன். எழுந்தார். சட்டை போடாமல் தோட்டத்துப் பக்கம் நடந்தார். செருப்பைத் தேட நேரமில்லை, பின்னாலேயே போனேன், பத்தடி விட்டு. காலில் நெருஞ்சி முள். அவர் நின்றால் நின்றேன். கிணற்று மேட்டில் ஏறினார். நானும் ஏறினேன். இப்போது பத்தடி விடவில்லை. கை எட்டும் தூரம்.

திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கும் இப்படித்தான் பின்னாலயே வருவியா?"

"ஆமாங்கப்பா."

"காலேசு?"

"போகலீங்க."

கீழே தண்ணீரைப் பார்த்தார். நான் அவர் தோளைப் பார்த்தேன். மோட்டார் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"திரீபேஸ் கரண்டு வந்துருச்சு. போய் மோட்டார எடுத்து உடு."

நீங்களும் வாங்க என்றேன். வந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டேன்.