டிவி மேல் இருக்கும் ஸ்கேன் கவர்

பிலோமி,

நீ பூசைக்குப் போயிருக்கிறாய். நான் மாத்திரை வாங்க தர்மபுரிக்கு பஸ்ஸில் போகிறேன். மீன் குழம்பைச் சுட வைத்துவிட்டேன். பூனை வரும், மூடி மேல் கல் வை.

பெங்களூரில் எடுத்த மூளை ஸ்கேன் டிவி மேல் இருக்கிறது. நடுவில் ரெண்டு கமா மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டுமாம். எனக்கு ரெண்டு புள்ளிதான். உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமின் குறைந்துவிட்டதாம். “கை நடுக்கம் மட்டுமில்லீங்க, மொகமும் இறுகிப்போயிரும், சிரிச்சாலும் வெளிய தெரியாது”ன்னு டாக்டர் சொன்னார்.

எழுத்து போகப்போகச் சின்னதாவதும் அதனால்தானாம். கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

சூசை

இதையும் படி: நம்ம செலின் நிச்சயதார்த்தத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன் என்று மூன்று மாதமாக என்னோடு பேசாமல் இருக்கிறாய். அன்றைக்கு எடுத்த போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.