ஒரு தரம்தான் கேட்பார்கள்

பிப்ரவரி 2, 1999. செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஃப்ரீவேயில் ஊர்ந்து ஊர்ந்து சான்டா கிளாரா போய்ச் சேரும்போதே பாதி ஜீவன் போய்விட்டது. குடை வீட்டில்.

வாங்க வேண்டியது: பால், இட்லி அரிசி, நித்யாவின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குப் பசை. பேங்கில் ஒரு டாலர் நோட்டுகள் (ஞாயிறு ஜெயிலுக்கு. அங்கே சாப்பாட்டு மெஷின் பெரிய நோட்டு வாங்காது).

சாயங்காலம் தம்பியின் கலெக்ட் கால், காசு என் தலையில். வழக்கம்போல முதலில் அந்த ரெக்கார்டிங் பெண்மணி. சிறைக் கைதி ஒருவர் அழைக்கிறார், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று. என்ன செய்வது, கூடப் பிறந்தவன். குடித்துவிட்டுக் கார் ஓட்டி யாரோ ஒரு மனுஷரின் இடுப்பை உடைத்தவன். ஏற்றுக்கொண்டேன்.

"எப்படிடா இருக்க செந்திலு?"

"நல்லா இருக்கேன்க்கா."

ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து இதே பதில். அப்புறம் மழை, நித்யாவின் பல், சான் ஹோசேயில் வீட்டு விலை. லைன் கட்டாகப் போகிற நேரத்தில், போகிற போக்கில், "கால்ல சின்னதா ஒரு புண்ணுக்கா. கிச்சன்ல குடுத்த பூட்ஸ் கடிச்சிருச்சு."

இவனுக்குச் சர்க்கரை. அப்பாவுக்கும் இருந்தது. அப்பாவின் கால் எப்படி ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று இவனுக்கும் தெரியும்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"பாத்துக்கலாம்க்கா." கட்.

பிப். 3, புதன்

ஆபீஸில் டெஸ்டிங் ஒன்றும் ஓடவில்லை. எனக்கும் எதுவும் ஓடவில்லை.

இவர் கேட்கிறார், "உள்ள இருக்கறவங்களுக்கு டாக்டர் ஃப்ரீதானே?" ஃப்ரீ இல்லை. ஒவ்வொரு தடவை சீட்டு எழுதிப் போட்டாலும் அஞ்சு டாலர் பிடிப்பார்கள். நமக்கு அஞ்சு டாலர் ஒரு காபி, ஒரு மஃபின். அவன் அங்கே அண்டா தேய்க்கிறான். கூலி மணிக்குச் சில்லறைதான். நான் அனுப்புவதிலும் அடிபட்டவருக்கென்று ஒரு பங்கு கோர்ட்டுக்குப் போய்விடும். அது நியாயம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. மிச்சத்தில்தான் சோப்பு, நூடுல்ஸ், டாக்டர் எல்லாம்.

ஆகவே கஞ்சத்தனம். காலை விட அஞ்சு டாலர் பெரிசாகப் போய்விட்டது துரைக்கு. கூடக் கொஞ்சம் மணி ஆர்டர் அனுப்பினேன். போஸ்ட் ஆபீஸ் வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது குப்பைத் தொட்டியில் இடித்தேன்.

பிப். 5, வெள்ளி

ஈரோட்டிலிருந்து அம்மாவின் ஃபோன். செந்தில் வேறு ஸ்டேட்டில் ப்ராஜெக்டில் இருக்கிறான், ஃபோன் வசதி சரியில்லை: அம்மாவுக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது இது.

"ஏங் கண்ணு, சக்கர மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறானா? நீயாச்சும் கேளு."

"போடறாம்மா. நல்லா இருக்கான்."

பொய் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. அப்புறம் தோசைக்கு அரைத்தேன். மாவு நீர்த்துப் போய்விட்டது.

பிப். 7, ஞாயிறு

விடிந்ததும் தனியாகக் கிளம்பினேன். இவர் நித்யாவோடு வீட்டில். வழியெல்லாம் மூடுபனி. ஜீன்ஸ் போட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஞாபகமாகக் கறுப்பு பேண்ட். வெளியே கியூ, உள்ளே கியூ.

செந்தில் நடந்து வந்ததைப் பார்த்தேன். நொண்டுகிறான்.

"அஞ்சு டாலருக்குக் கணக்குப் பாக்கறியாடா?" ஆரம்பித்துவிட்டேன்.

"காசு பிரச்னையில்லக்கா. ரெண்டு தரம் போனேன். பத்து டாலர் புடிச்சாங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரப் பாக்கல."

விஷயம் இதுதான். சீட்டு எழுதிப் போட்டால் சில நாள் கழித்து நர்ஸ் ஜன்னலுக்குக் கூப்பிடுவாள். அவள்தான் முதலில். போனான். அவள் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கேட்டாளாம், "டூ யூ வான்ட் டு ஸீ த டாக்டர்?" இவன், "நோ நோ, இட்ஸ் ஓகே."

"ஏன்டா?"

"எடுத்த எடுப்புல எப்படிக்கா வேணும்ங்கறது? மறுபடி கேப்பாங்கன்னு நெனச்சேன்."

அவள் ஓகே என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இவன் வேண்டாம் என்று சொன்னதாகப் பதிவு. ஆனால் ஜன்னல் வரை போனதற்கு அஞ்சு டாலர். மறுபடி சீட்டு, மறுபடி அஞ்சு, மறுபடி காத்திருப்பு. இரண்டாவது தரம் வேறு நர்ஸ். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். துரை சொன்ன பதில், இரண்டு.

"பின்னால நெறையப் பேர் நின்னாங்கக்கா. பாவம்."

மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சிரிப்பு வந்தது. பிறகு இவனை அறையலாம் போல வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும், மூன்றாவது தரம் அவர்கள் வற்புறுத்த வேண்டும், அரை டம்ளர் போதுமென்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்கே கை நீட்டினால் அம்மாவின் கண் போதும், தொண்டையில் இறங்காது. நானே இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், லஞ்சுக்கு வருகிறாயா என்று கேட்டவர்களிடம் நோ சொல்லிவிட்டு, மறுபடி கூப்பிடுவார்கள் என்று பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் போனது ஒரு வேளைச் சோறு. இவனுக்குக் கால்.

பழக்கத்தில் கேட்டேன், "ஏதாவது சாப்பிடறியா?" மெஷினைக் கைதிகள் தொடக்கூடாது, நாம்தான் வாங்கித் தர வேண்டும்.

"வேண்டாம்க்கா."

எப்போதும் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய், ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டிய பரிட்டோ வாங்கி வருவேன். இன்றைக்கு, "சரி" என்றேன். எழுந்திருக்கவில்லை.

அவன் மெஷினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பமே பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது. அந்த வாசனை. என்னவோ பேசினான், என்னவோ பதில் சொன்னேன். கொலைகாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்து தம்பியைப் பட்டினி போட்டுப் பார்க்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அக்கா."

"என்ன?"

"அந்த பரிட்டோ..."

"பரிட்டோவுக்கு என்ன?"

"வேணும்க்கா."

வாய்விட்டுக் கேட்க இவனுக்கு முப்பத்திநாலு வயது ஆக வேண்டியிருந்தது. நான் அவசரமாகத் திணித்த நோட்டை மெஷின் வெளியே துப்பித் துப்பித் தள்ளியது.

அவன் சாப்பிடும்போதே பாடம். ஐ ஆம் டயபெடிக். மை ஃபுட் இஸ் இன்ஃபெக்டட். ஐ வான்ட் த டாக்டர், டுடே. சொல்லச் சொல்லிக் கேட்டேன். ப்ளீஸ் சேர்த்தான், சரி, இருக்கட்டும் என்று விட்டேன். வலி எவ்வளவு என்றால் எட்டு என்று சொல்லு.

"பொய்யாகாதாக்கா?"

"அப்ப நிஜமா எவ்வளவு?"

மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "ஒம்பது."

பிப். 9, செவ்வாய்

மழை. செவ்வாய் ஃபோன் வரவில்லை. சாம்பார் அடிப்பிடித்தது.

பிப். 10, புதன்

ஜெயிலுக்கு நான் ஃபோன் பண்ணினேன். ஹோல்டில் போட்டார்கள், அந்த மியூசிக் இன்னும் காதில். ஒரு கைதியின் மெடிக்கல் விஷயம் எதுவும் சொல்ல முடியாது, மேடம். உயிரோடு இருக்கிறானா? அதையும் சொல்ல மாட்டாளாம். இவர் ஃபோனை வாங்கித் தன் மேனேஜர் குரலில் பேசிப் பார்த்தார். அதற்கும் அதே மியூசிக்.

பயம். வேறென்ன எழுத. அப்பாவின் காலே கண்ணில் நிற்கிறது.

"காபி வேணுமா?" என்றார் இவர்.

"வேண்டாம்" என்றேன். சரி என்று தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு போய்விட்டார். அமெரிக்கா மாற்றிவிட்டது மனுஷரை.

பிப். 13, சனி

மழை விட்டது. துணி துவைத்தேன், மூன்று லோடு. நித்யாவின் ப்ராஜெக்ட் பசை மேஜை முழுக்க.

மத்தியானம் ஃபோன். ரெக்கார்டிங் பெண்மணி கேட்டு முடிப்பதற்குள் பட்டனை அமுக்கிவிட்டேன்.

"ஒரு தரம்தான் கேட்டாங்கக்கா. வேணும்னுட்டேன்."

திங்கட்கிழமை சீட்டுக்குக் காத்திருக்காமல் நேரே ஜன்னலில் போய் நின்றிருக்கிறான்; அன்றைக்கே டாக்டர் பார்த்திருக்கிறார். பார்த்தவுடன் சத்தம் போட்டாராம், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று. அப்படியே வேனில் வெளி ஆஸ்பத்திரிக்கு. நேற்றுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"சுண்டு விரல எடுத்துட்டாங்கக்கா. பக்கத்து விரலும் பாதி. பாதம் தப்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..."

சொல்ல வேண்டாம் என்றேன்.

"அஞ்சு டாலர் புடிச்சுட்டாங்க" என்றான். சிரித்தானா தெரியவில்லை.

இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று நடுவில் அந்தப் பெண்மணி. எனக்கு வேறு கேள்வி வரவில்லை. "எப்படிடா இருக்க?"



"வலிக்குதுக்கா. ரொம்ப வலிக்குது." அப்புறம், "நாளைக்கு வர்றியா? நீ வரணும்க்கா."

வருகிறேன் என்று சொல்வதற்குள் கட்டாகிவிட்டது.

சனி மத்தியானம், பேங்க் மூடிவிட்டான். ஒரு டாலர் நோட்டு எங்கே மாற்றுவது.