சிவப்புக் கோடு போட்ட ரிப்போர்ட்

செவ்வாய்க்கிழமை

காலையில் லேபைத் திறந்ததும், கரையான்சாவடிப் பெண் ஒருத்தி இரண்டு மாதக் குழந்தையோடு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நேற்று நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டை நீட்டினாள். குழந்தையின் ரத்தத்தில் ரூபெல்லா அம்மைக்கான எதிர்ப்புப்பொருள் இருக்கிறது என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

“சின்ன வயசுல எனுக்கு அந்த அம்மை வந்துது. என்னாண்டர்ந்துதான் புள்ளைக்குப் போயிகீது, இல்லக்கா? நேத்து சாய்ங்காலத்துலேர்ந்து எம்பாலே குடுக்கல, புட்டிப்பால்தான்.”

“போனது நோய் இல்லம்மா. அத எதிர்க்கிற சக்தி.”

வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடியின் செல்களில் உள்ள ஓர் ஏற்பி தாயின் எதிர்ப்புப்பொருளைப் பிடித்துப் பிள்ளையிடம் சேர்க்கிறது, சில மாதங்களில் அது கரைந்துவிடும் என்று விளக்கினேன். புதுத் தொற்றுக்கான சோதனை ‘இல்லை’ என்று அடுத்த வரியிலேயே இருந்ததைக் காட்டினேன்.

“அப்போ நான் குடுத்தது நல்லதுதானா?” மூன்று முறை கேட்டாள். பிறகு ரத்தம் எடுக்கும் அறையில் திரையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தாள். குழந்தை குடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

பாசிட்டிவ் என்று வந்தால் கோடு போடுவது என் பழக்கம். போட்டவள் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

சிவப்புப் பேனாவை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இதை அதில்தான் எழுதுகிறேன்.