பாலே ஷூவுக்கு நான் ஒட்டிய சோல்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் சிட்டுவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேலை வேலை என்று ஓடாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எனக்குப் பாதிக் கவலை தீரும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. மழை விடாமல் பெய்வதால் நம் செருப்பு ரிப்பேர் கடையில் வாய் பிளந்த ஷூக்களாக வந்து குவிகின்றன.

ஆறு வயசுக் குழந்தைக்கு பாலே டான்ஸ் எதுக்குப்பா, விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது, நிறுத்திவிடுங்கள் என்று போனில் கோபித்துக்கொண்டாயே, அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வேலைக்கென்று ஊரை விட்டுப் போன இந்த எட்டு மாதத்தில் சிட்டு எதற்குமே அடம்பிடிக்கவில்லை. பால் ஆறிப்போனாலும் குடிப்பாள், சட்டை இறுக்கினாலும் போட்டுக்கொள்வாள். நீ அதைச் சமர்த்து என்றாய், எனக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்துத் தெரு மாடியில் பாலே சொல்லிக்கொடுக்கும் டீச்சர் செருப்பு வார் தைக்க வந்தபோது, கடை மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்த சிட்டுவைப் பார்த்துவிட்டு, என்னிடம் அனுப்புங்களேன் என்றார். அனுப்பினேன். இரண்டே மாதத்தில் கூன் நிமிர்ந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கிறாள், இசையைக் காது கொடுத்துக் கேட்கிறாள், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிறாள், மற்றப் பிள்ளைகளோடு கை கோத்துக்கொள்கிறாள். விழத்தான் விழுகிறாள், தானே எழுந்தும் விடுகிறாள்.

இதில் உன் அப்பன் அடித்த கூத்தையும் கேள். அவளுக்கு வாங்கிய பாலே ஷூவைக் கையில் எடுத்தால் காலுறை மாதிரி துவள்கிறது, அடியில் பேருக்கு இரண்டு துண்டுத் தோல். பாதம் வளையத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாமல், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, முப்பது வருஷத் தொழில் திமிரில், கெட்டி ரப்பர் சோல் ஒட்டிச் சுற்றித் தைத்தும் கொடுத்துவிட்டேன். பாதத்தை மடக்க முடியாமல் விரலெல்லாம் சிவந்துபோய், டீச்சர் கழற்றச் சொல்லியும், தாத்தா ஒட்டினது என்று சொல்லி மாட்டேன் என்றாளாம். எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்பவள்தான் ஆட முடியும், போய்த் தாத்தாவிடம் நீயே சொல் என்று அனுப்பியிருக்கிறார் அந்தப் புண்ணியவதி. மறுநாள் கடையில் என் முன்னால் ஷூவை வைத்து, "தாத்தா, இது வலிக்குது. பழையபடி வேணும்" என்றாள். எட்டு மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

நான் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றபடி இன்னொன்றும் சொன்னாள். "அம்மா இல்லாம இருக்கறதும் வலிக்குது. போன்ல சொன்னா அம்மா அழுவாங்கன்னு சொல்லல."

வகுப்பை நான் நிறுத்தப்போவதில்லை அம்மாடி, என்னைத் திட்டிக்கொள். அடுத்த மாதம் கடைசி ஞாயிறு பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மா முன்னால் ஆடிக் காட்டுகிறார்கள். இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, மறந்துவிடாதே. நீ வருவாயா என்று அவள் என்னைக் கேட்கவில்லை, வருவாய் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா