ஹீட்டரில் கேட்ட சத்தம்

கார்த்திகை 9, செவ்வாய்.

குளியலறை ஹீட்டர் நான்கு நாளாகத் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தது. சூட்டைக் குறைத்து வைத்தாலும் தானாக அணையவில்லை. தெர்மோஸ்டாட் போயிருக்கும், ஆளைக் கூப்பிடுங்கள் என்று தினமும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பட்டாசு ஆலையில் போர்மேன். ஆலையில் வெயில் ஏறினாலே பதறுகிற மனுஷன், வீட்டுச் சூட்டுக்கு அசையவே இல்லை.

இன்று காலை நானே சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றினேன். தெர்மோஸ்டாட் ஒயர் கருகியிருந்தது. முனையைச் சுரண்டி, திரும்ப இறுக்கி, சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். குளியலறை முழுக்கப் புகை. கூப்பிட்டேன், பதில் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து மெயினை அணைத்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தவரைக் கூடத்தில் காணோம். தெருமுனையில் நின்றார்.

"என்னைய உள்ள விட்டுட்டு எங்கன போனீக?"

"இருபது வருசப் பழக்கம்லா. சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம வெளிய ஓடணும். நாந்தான எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கேன்."

கல்யாணத்துக்கு முன் அதே ஆலையில் திரி வெட்டியவள் நான். அந்தப் பாடத்தை இவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், எதையும் எடுக்க நிற்கக் கூடாது என்பதுதான் அதில் முதலில் வரும்.

இவர் சார்ஜரில் கிடந்த செல்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.